வெயில் கேட்ட பல்லி

பல்லி சொல்லுக்குப் பலன் பார்த்த குடும்பத்திற் பிறந்தவன் நான். மயிலிட்டியில் எங்கள் பழைய வீட்டுத் திண்ணையில் ஆச்சி வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். சுவரிற் பல்லி சொன்னால் இடிப்பது நின்றுவிடும். எந்தத் திசை, என்ன கிழமை என்று எண்ணிப் பார்த்த பின்னரே மீண்டும் கை அசையும். அத்துணை மதிப்புப் பெற்ற அப்பிராணி என்ன தின்கிறது, எங்கே உறங்குகிறது என்று எங்கள் வீட்டில் எவரும் கேட்டதில்லை. கேட்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. விளக்கடியிற் பூச்சி இருந்தது. ஓட்டிடுக்கில் வீடு இருந்தது. வெளியே ஊரின் வெயில் இருந்தது. பல்லி தன்னைத் தானே பார்த்துக்கொண்டது.

அக்கேள்விகளை எனக்குக் கற்பித்தவன் கனடாவிற் பிறந்த என் மருமகன்.

2023ஆம் ஆண்டு மார்கழியில் அக்காவைக் காண ரொறன்ரோ சென்றிருந்தேன். மருமகனுக்கு வயது பன்னிரண்டு. அவன் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதனுள் மஞ்சள் உடலிற் கரும்புள்ளிகள் கொண்ட, ஒரு சாண் நீளமான பல்லியொன்று. சிறுத்தைப் பல்லி என்று சொல்லலாம். அங்கே 'லெப்பர்ட் கெக்கோ' என்கிறார்கள். ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய நாடுகளின் வறண்ட கல்நிலம் இதன் தாயகம். நன்கு பேணினால் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழுமாம்.

"மாமா, வடிவாப் பாருங்கோ. இது கண்ணை மூடித் திறக்கும். ஊர்ப் பல்லிக்கு இமை இல்லை" என்றான். உண்மைதான். நாற்பது ஆண்டுகளாகப் பல்லிகளோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவனுக்கு அது அன்றுதான் தெரிந்தது. இப்பல்லியின் விரல்களிற் சுவரிலே ஒட்டும் தன்மை இல்லை. ஆகவே இது நிலத்திலேயே நடக்கும். கொழுத்த வால்தான் இதன் களஞ்சியம். உணவு குறையும் காலத்திற்கான கொழுப்பை அதிலே சேர்த்து வைத்திருக்கும். வால் பருத்திருந்தால் நலம். மெலிந்தால் நோய் என்று அறியலாம்.

அக்கா குடும்பத்தினர் ஒரு கலியாணத்திற்காக ஒரு வாரம் மொன்றியல் செல்ல நேர்ந்தது. குளிருக்கு அஞ்சிய நான் வீட்டிலே தங்கினேன். "தம்பி, நீ வாத்தியார்தானே, அவன் எழுதி வைச்சபடி செய்" என்று அக்கா சொல்லிச் சென்றார்.

மருமகன் எழுதிவைத்த தாள் ஒரு பாடத்திட்டம் போல இருந்தது. இப்பல்லி இலை தின்னாது; உயிருள்ள பூச்சியையே தின்னும். குஞ்சுக்கு நாள்தோறும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் உணவு. கடையில் விற்கும் சில்வண்டுகளையே கொடுக்கவேண்டும். தோட்டத்திற் பிடித்தவற்றில் பூச்சிமருந்து இருக்கக்கூடும். பல்லியின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தினும் பெரிய பூச்சி ஆகாது. பூச்சிகளுக்கு முதல்நாளே கரட், கீரை கொடுத்திருக்கவேண்டும். பூச்சி உண்டதே பல்லிக்குப் போய்ச் சேரும். சுண்ணாம்புச் சத்துப் பொடியைப் பூச்சியின்மேல் தூவவேண்டும். இன்றேல் எலும்பு வளைந்துவிடும். தின்னாது விட்ட பூச்சியை எடுத்துவிடவேண்டும். அது பல்லியையே கடிக்கும். தோல் உரிப்பதற்கு ஈரமான ஒதுக்கிடம் வேண்டும். உரியாத தோல் விரலை இறுக்கினால் விரலே போய்விடும். தொட்ட பின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும்.

இறுதியாக, சிவப்பு மையிலே: "பெட்டியின் ஒரு பக்கத்துச் சூட்டு விரிப்பின் மின்சாரத்தை நிறுத்தவே கூடாது."

ஏனையவற்றை ஒழுங்காகச் செய்தேன். சிவப்பு மையிலே தவறினேன். 1990இற்குப் பின் குடாநாட்டில் மின்சாரமற்ற ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கிற் படித்தவன் நான். வீணாக எரியும் எதனையும் என் கை தானே அணைத்துவிடும். வீடு முழுவதும் சூடாக்கியிருக்கையில் பல்லிக்குத் தனியே எதற்கு என்றெண்ணி இணைப்பைக் கழற்றினேன்.

மூன்றாம் நாள் பல்லி உணவைப் பார்க்கவில்லை. முன்பு தின்றதையும் கக்கியிருந்தது. நிறம் மங்கி மூலையிற் கிடந்தது. மாலையில் மருமகன் தொலைபேசியில், "மாமா, சாப்பிட்டுதோ?" என்றான். "ஓம், சாப்பிட்டது" என்றேன். மாணவரைப் பொய் சொல்லாதீர் என்று இருபது ஆண்டுகளாகக் கண்டித்த வாய் அது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் அழைத்து உண்மையைச் சொன்னேன். மறுமுனையிற் சிறிது நேரம் பேச்சில்லை. பின்பு மெல்லச் சொன்னான்: "இப்ப சாப்பாடு குடுக்காதேங்கோ, மாமா. முதல்ல சூடு. சூடு இல்லாட்டி அதுக்குச் செமிக்காது."

பல்லியின் குருதிக்குத் தானாகச் சூடில்லை. வயிற்றின் கீழ் ஏறக்குறைய 32 பாகை வெப்பம் இருந்தாற்றான் உண்டது செரிக்கும். மனிதருக்கு இதமான 20 பாகை அதற்குப் போதாது. நான் உணவைக் கொடுத்தேன். உணவைப் பயன்படுத்தும் வெயிலைப் பறித்துவிட்டேன். விரிப்பு மீண்டும் சூடாகி இரண்டு நாளின் பின்னரே அது ஒரு சில்வண்டைப் பிடித்தது. திரும்பி வந்த மருமகன் நிறுத்துப் பார்த்தான். 62 கிராம் 57 ஆகியிருந்தது. என்னைக் கடிந்துகொள்ளவில்லை. குறிப்பேட்டில் எழுதிவைத்தான்.

"செமிக்காது" என்ற அச்சொல் என்னை விடவில்லை. 1990இல் நாங்கள் மயிலிட்டியை விட்டு ஓடியபோது எனக்குப் பத்து வயது. முகாமிற் சோறு கிடைத்தது. ஆச்சிக்கோ அது செமிக்கவில்லை. கடற்காற்று இல்லாமற் சோறு இறங்காது என்பார். கிழவியின் பிடிவாதம் என்றே நினைத்தோம். அவர் ஊர் திரும்பாமலே கண்மூடினார்.

மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 யூலையில் விடுவிக்கப்பட்டது. கனடாவிலிருந்து வந்தபின் ஒருநாள் எங்கள் வளவுக்குச் சென்றேன். கூரையில்லை, திண்ணைச் சுவர் மட்டும் நிற்கிறது. அதன் வெடிப்பிலிருந்து ஒரு பல்லி சொல்லிற்று. பலன் பார்க்கத் தோன்றவில்லை. எறும்பும் பூச்சியும் வெயிலும் அதற்கு அங்கே குறைவின்றி இருந்தன.

மாணவர்களே, ஊர்வனவற்றைப் பிடித்து அடைத்து வளர்க்க ஆசைப்படாதீர்கள். நம் நாட்டில் அவற்றுட் பல சட்டத்தின் காவலில் உள்ளன. ஆனால் எந்த உயிர் உங்கள் கைக்கு வந்தாலும், என்ன தின்னும் என்று கேட்கும் முன்னர், எந்த நிலத்திலிருந்து வந்தது என்று கேளுங்கள்.