கூப்பிட்டா வராத நாய்

இந்த முறை எங்க வீட்டு நாயைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காம கடைசி வரை படிங்க.

கடற்கரையில் அப்பா வலை, டீசல் கேன் எல்லாம் வைக்கிற கொட்டகை ஒன்று இருக்கிறது. அதற்குக் காவலாக மாமா ஒரு ராஜபாளையம் குட்டி வாங்கி வந்தார். உடம்பெல்லாம் பால் வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. ‘முத்து’ என்று பெயர் வைத்தோம்.

ஆனா முத்து கூப்பிட்டா வராது. பத்து தடவை கத்தினாலும் திரும்பிப் பார்க்காது. திமிர் என்று நினைத்தோம். ஒருநாள் ஆத்திரத்தில் நான் அதைக் கயிற்றால் அடித்துவிட்டேன். எதுக்கு அடி வாங்குறோம்னே தெரியாம அது என் காலை நக்கியது.

தீபாவளி அன்றுதான் விஷயம் தெரிந்தது. வெடிச் சத்தத்தில் தெரு நாயெல்லாம் ஓடி ஒளிந்தன. முத்து மட்டும் திண்ணையில் நிம்மதியாகத் தூங்கியது! மறுநாள் மாட்டு டாக்டரிடம் காட்டினோம். அதன் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்தார். “ரெண்டு காதும் கேட்காதுப்பா. பிறவியிலேயே வந்தது” என்றார். ஏன் என்றும் சொன்னார்.

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் ஊர் ராஜபாளையம். அங்கே காட்டுப்பன்றி வேட்டைக்கும், வீடு தோட்டக் காவலுக்கும் வளர்த்த நாய் இது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்கள் நான்குக்கு தபால்தலை வெளியிட்டது. அதில் இதுவும் ஒன்று. இவ்வளவு பெருமை இருந்தும் ஒரு குறை. வாங்குகிறவர்கள் முழு வெள்ளையே வேணும் என்று கேட்டார்கள். புள்ளி விழுந்த குட்டியை ஒதுக்கிவிட்டு, வெள்ளையோடு வெள்ளையையே சேர்த்தார்கள். தோலுக்கு நிறம் தருகிற செல்கள் காதுக்குள்ளேயும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால், குட்டி பிறந்த சில வாரத்திலேயே கேட்கும் சக்தி போய்விடும். வெளிநாட்டு டால்மேஷியன் நாய்க்கும் இதே கஷ்டம் உண்டு.

அதாவது, அழகு பார்த்தது மனுஷன். காதை இழந்தது நாய்.

“காது கேட்காத நாய் காவலுக்கு எதுக்கு? எங்கேயாவது விட்டுட்டு வேற குட்டி வாங்கலாம் மச்சான்” என்றார் மாமா. எனக்கு நெஞ்சு பக்கென்றது. அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “நாம கேட்ட வெள்ளைதானே மாப்ள, நாமளே வச்சுக்குவோம்” என்றார்.

இப்போ கையைக் காட்டினா வரும். தரையில் காலைத் தட்டினா எழுந்திருக்கும். ராத்திரியில் டார்ச் அடித்துக் கூப்பிடுவோம். கொட்டகைக் கதவில் முதுகைச் சாய்த்துத்தான் படுக்கும். கதவு லேசா அசைந்தாலும் போதும், குரைத்து ஊரைக் கூட்டிவிடும்.

நண்பர்களே, குட்டி வாங்கப் போனா பின்னால் நின்று கை தட்டிப் பாருங்க. வெள்ளைதான் வேணும்னு அடம் பிடிக்காதீங்க.

முத்துவிடம் மன்னிப்பு கேட்க எனக்கு ஆசை. அதுக்குத்தான் காது கேட்காதே. அதனால் உங்களிடம் சொல்லிவிட்டேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, கோட்டைப்பட்டினம்