ஷிகான்ஷினாவும் காலை 7.10 பஸ்ஸும்



போன பதிவில் முருங்கைக்கீரைப் பொடி பற்றிக் கேட்டவர்களுக்கு அப்புறம் பதில் சொல்கிறேன். இன்று வேறு விஷயம். கொஞ்சம் நீளம். வகுப்பில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கலாம், இந்தத் தடவை சாக்பீஸ் பறந்து வராது.

பேரன் லீவுக்கு வந்திருக்கிறான். பன்னிரண்டாவது முடித்துவிட்டான். அவன் வருவதற்கு முந்தின நாள் என் மகள் போன் செய்தாள். "அம்மா, இவன் எங்கயோ தூரத்துல போய் டிசைன் படிக்கப் போறானாம். ரெண்டு நாள் ரயில்ல போகணும். நீ சொன்னா கேப்பான். பக்கத்துலயே ஒரு காலேஜ்ல சேரச் சொல்லு" என்றாள். சரி என்று ஒத்துக்கொண்டேன். 30 வருடத்துக்கும் மேல் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்ன வாய், இதுவா கஷ்டம் என்று நினைத்தேன்.

வந்தவன் சோபாவில் படுத்துக்கொண்டு மடிக்கணினியில் ஏதோ பார்த்துக்கொண்டே இருந்தான். பேச்சுக் கொடுத்தால் "ம்" என்பான். சரி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வழி பிறக்கும் என்று மோர்க்குழம்பை இறக்கி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

"என்னடா இது, பொம்மைப் படமா?"

"பொம்மைப் படம் இல்ல ஆச்சி, அனிமே. பேரு அட்டாக் ஆன் டைட்டன். நீங்க பாக்க மாட்டீங்க, ரத்தமா இருக்கும்."

மகாபாரதத்தில் இல்லாத ரத்தமா? போடு என்றேன். முதல் பாகத்திலிருந்து மறுபடி போட்டான். ஜப்பானிய மொழியில் பேசினார்கள், கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. நான் படித்து முடிப்பதற்குள் ஓடிவிடும். அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். என் வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியில் இருந்து, "டீச்சருக்கு இப்ப ஒருத்தன் வாத்தியாரா வந்துட்டான்" என்றார்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனிதர்களைத் தின்னும் ராட்சதர்கள் உலகம் முழுவதும் திரிகிறார்கள். பசிக்காகத் தின்பதில்லை, சும்மாவே தின்கிறார்கள். மிஞ்சிய மனிதர்கள் மூன்று வட்டச் சுவர்களுக்குள் வாழ்கிறார்கள். வெளிச்சுவர் மரியா, நடுச்சுவர் ரோஸ், உள்சுவர் சினா. ஒவ்வொன்றும் 50 மீட்டர் உயரம். ராஜாவும் பணக்காரர்களும் சினாவுக்குள். வெளியே வர வர ஏழைகள். நூறு வருடத்துக்கு மேலாக ஒரு ராட்சதனும் உள்ளே வந்ததில்லை.

மரியா சுவரின் தெற்கு ஓரத்தில், சுவரோடு ஒட்டி, வெளிப்பக்கம் வயிறு மாதிரித் துருத்திக்கொண்டு ஒரு ஊர் இருக்கிறது. அதற்கும் தனியாகச் சுவர் உண்டு. அதுதான் ஷிகான்ஷினா. ஓட்டு வீடுகள், நடுவில் ஆறு, விறகு பொறுக்கப் போகும் பிள்ளைகள், கடமை நேரத்தில் குடித்துவிட்டுச் சீட்டாடும் காவல் வீரர்கள். எங்கே நிமிர்ந்தாலும் சுவர். எரன், மிகாசா, அர்மின் என்ற மூன்று பிள்ளைகள் அந்த ஊர்க்காரர்கள்.

"ஊரை ஏன்டா சுவருக்கு வெளியே துருத்திக் கட்டியிருக்கான்?" என்று கேட்டேன். பேரன் படத்தை நிறுத்தினான். நான் நல்ல கேள்வி கேட்டுவிட்டேன் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது.

"ராட்சதங்க மனுஷங்க இருக்கற இடத்தத் தேடி வரும் ஆச்சி. இவ்ளோ நீளச் சுவரு முழுக்கக் காவலுக்கு ஆள் நிறுத்த முடியாது. அதனால நாலு திசைலயும் இப்படி ஊரை வெளிய தள்ளிக் கட்டி ஜனங்களக் குடி வச்சிட்டா, எல்லாம் அங்கதான் வந்து கூடும். பீரங்கியையும் அங்க வச்சாப் போதும். தூண்டில்ல புழு மாதிரி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே இருப்பவன் நிம்மதியாகத் தூங்குவதற்காக ஒரு ஊரையே இரையாக வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களோ சுவர் தங்களைக் காப்பதாக நினைத்துக்கொண்டு கறி வாங்கவும் துணி துவைக்கவும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் கணக்கில் 845ஆம் ஆண்டு. 60 மீட்டர் ராட்சதன் ஒருவன் சுவருக்கு மேலே தலை நீட்டி எட்டிப் பார்க்கிறான். காலால் ஒரே உதை. வாசல் உடைந்து கற்கள் ஊர் மேல் விழுகின்றன. எரனின் அம்மா இடிந்த வீட்டுக்கு அடியில் சிக்கிக்கொள்கிறாள். ராட்சதன் ஒருத்தி சிரித்த முகத்தோடு நடந்து வருகிறாள். காவல் வீரன் ஹான்னஸ் ஓடி வருகிறான். காலையில் குடித்துக்கொண்டிருந்த அதே ஆள். அவன் மனைவியைக் கொள்ளை நோயிலிருந்து பிழைக்க வைத்தவர் எரனின் அப்பா. அந்த நன்றிக்காக வாளை உருவிக்கொண்டு போகிறான். கிட்டே போய் அந்த முகத்தைப் பார்க்கிறான். அவ்வளவுதான். திரும்பி வந்து பிள்ளைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்.

ஓடு என்று சொன்னதும் அந்தத் தாய்தான். ஆனால் அவர்கள் போகப் போக, போகாதீர்கள் என்ற சொல் அவளையும் மீறி வருகிறது. அது பிள்ளைகளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். அந்த இடத்தில் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். குழம்பு அடுப்பில் இல்லை, ஏற்கனவே இறக்கியாகிவிட்டது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தாய்க்காக என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு நினைப்பெல்லாம் ஹான்னஸ் மேல்தான் இருந்தது. அவன் கெட்டவன் இல்லை. பிள்ளைகளைக் காப்பாற்றவும் செய்தான். ஆனாலும் பயந்தான். அந்த முகம் எனக்கு எங்கேயோ பார்த்த முகம்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதப் போகிறேன்.

நான் வேலை பார்த்த ஊர்களில் ஒன்று. பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்புக்கு 11 கிலோமீட்டர் தள்ளி டவுனுக்குப் போக வேண்டும். காலை 7.10க்கு ஒரு பஸ். அதை விட்டால் பத்து மணிக்குத்தான். சாயங்காலம் திரும்பி வர ஆறரை ஆகும். 1993ஆம் வருடம் என் எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். கெட்டிக்காரி. கணக்கு நான் போர்டில் எழுதும் முன் வாயில் விடை வந்துவிடும். திருச்செந்தூருக்குச் சுற்றுலா கூட்டிப் போனபோது மற்ற பிள்ளைகள் அலையில் குதிக்க, இவள் மட்டும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், அந்தக் கரையில யாரு இருக்காங்க?" என்று கேட்டாள். இலங்கை என்றேன். "அங்கயும் இப்ப யாராவது இந்தப் பக்கம் பாத்துட்டு நிப்பாங்கள்லா?" என்றாள்.

முழுப் பரீட்சை முடிந்து ஒரு சாயங்காலம் அவள் அப்பா வீட்டுக்கு வந்தார். கையில் முருங்கைக்காய்க் கட்டு. திண்ணையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "டீச்சர், பிள்ளை டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போறேன்னு அழுதுட்டுக் கெடக்கு. ஒத்தப் பிள்ளையா பஸ்ஸுல போயிட்டு வரணும். அனுப்பட்டுமா வேண்டாமா? நீங்க சொன்னாச் சரி" என்றார். அவர் பின்னால் வாசல் நடையில் அவளும் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த மாதம்தான் பக்கத்து ஊரில் டவுனுக்குப் படிக்கப் போன ஒரு பெண்ணைப் பற்றி ஒரு பேச்சு. நாளைக்கு இவளுக்கு ஏதாவது ஒன்று என்றால், டீச்சர்தான் அனுப்பச் சொன்னாள் என்று என் தலையில் வந்து விடியும். அந்த ஒரு பயம். நான் சொன்ன வார்த்தை இன்றும் மறக்கவில்லை. "காலம் கெட்டுக் கெடக்குண்ணே. ஒரு வருசம் பொறுத்துப் பாருங்களேன்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. ஒரு வருடம் பொறுத்தார்கள். அடுத்த கோடையில் நான் அந்தத் தெரு வழியாகப் போனபோது அவள் மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வகுப்பில் நிற்பது மாதிரியே.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. இரண்டே வருடத்தில், 1995ல், என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டும். அதே டவுன், அதே 7.10 பஸ். நான்தான் ஏற்றிவிட்டேன். காலம் கெட்டுக் கிடப்பதாக எனக்கு அப்போது தோன்றவே இல்லை. கண்டக்டரிடம் சொல்லி வைத்தேன், டவுனில் தெரிந்த டீச்சரிடம் சொல்லி வைத்தேன். அந்த இரண்டு வார்த்தையை அந்தப் பிள்ளைக்காகவும் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. அவர்கள் ஷிகான்ஷினாவில் இருந்தார்கள். மாதச் சம்பளக்காரி நான் இரண்டு சுவர் தள்ளி உள்ளே இருந்தேன். இத்தனை வருடம் கழித்து ஒரு ஜப்பான் படம் வந்துதான் இதை எனக்குக் காட்ட வேண்டியிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாகப் பேசினாள். மகள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் படிக்கிறாளாம். ரொம்ப சந்தோஷம்மா என்றேன். "மகள அனுப்பலாமா வேண்டாமான்னு நான் யார்கிட்டயும் கேக்கல டீச்சர்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குத்திக்காட்டினாளா, வெள்ளந்தியாகச் சொன்னாளா, அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. எதுவாக இருந்தாலும் எனக்கு அது வேண்டியதுதான். பந்தியில் பாயசம் இறங்கவில்லை.

அடுத்த பத்தியில் கதையின் ரகசியம் ஒன்று வருகிறது. இன்னும் பார்க்காத பிள்ளைகள் தாண்டிப் போகலாம்.

ஊர் விழுந்த பிறகு பிழைத்தவர்கள் அகதிகளாக உள்ளே போகிறார்கள். சாப்பாடு போதவில்லை. இழந்த நிலத்தை மீட்கிறோம் என்று சொல்லி அரசாங்கம் இரண்டரை லட்சம் பேரை, மொத்த ஜனத்தில் ஐந்தில் ஒரு பங்கை, வெளியே அனுப்புகிறது. நூற்றுச் சொச்சம் பேர்தான் திரும்பி வந்தார்கள். ஐந்து வருடம் கழித்து எரன் தன் சொந்த ஊருக்குப் போய் இடிந்த வீட்டின் நிலவறையைத் திறக்கிறான். உள்ளே மூன்று புத்தகங்கள், ஒரு புகைப்படம். புகைப்படம் என்றால் என்னவென்றே தெரியாத ஜனம் அது. உலகத்தில் மிஞ்சியது நாங்கள் மட்டும்தான் என்று நூறு வருடம் நம்பியிருந்தவர்களுக்கு, கடலுக்கு அந்தப் பக்கமும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிகிறது. அந்தக் கரையில யாரு இருக்காங்க டீச்சர்?

இந்தக் கதையை எழுதி வரைந்தவர் ஹஜிமே இசயாமா. 1986ல் பிறந்தவர். 2009ல் தொடங்கி 2021 வரை மாதா மாதம் எழுதி 34 புத்தகங்களில் முடித்திருக்கிறார். அவர் ஊர் ஜப்பானின் ஓயிதா மாகாணத்தில் இருக்கும் ஓயாமா. சுற்றிலும் மலை. சின்ன வயதில் அந்த மலைகளே அவருக்குச் சுவராகத் தெரிந்தனவாம். இப்போது அந்த ஊர் அணைக்கட்டுக்குக் கீழே, அணையைச் சுவர் போல நிமிர்ந்து பார்க்கும்படி, எரன், மிகாசா, அர்மின் மூவருக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். 2020ல் வைத்தது. பேரன் படம் காட்டினான். நிஜமாகவே ஷிகான்ஷினா மாதிரியே இருக்கிறது.

அந்த ஊரைப் பற்றி இன்னொரு செய்தி எனக்கு ரொம்பப் பிடித்தது. இவர் பிறப்பதற்கு 25 வருடத்துக்கு முன்னால், 1961ல், அந்த மலைக் கிராமத்து விவசாயிகள் ஒரு தீர்மானம் செய்தார்கள். நெல்லைக் குறைத்துக்கொண்டு பிளம், செஸ்நட் மரங்கள் நடுவோம், அதில் வரும் காசில் ஹவாய்த் தீவுக்குப் போய் வருவோம் என்று. ஊரே சொல்லிக்கொண்ட கோஷம் அது. சொன்னபடி போயும் வந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பார்க்க ஆசைப்படுவது தப்பில்லை என்று ஊர்ப் பெரியவர்களே சேர்ந்து சொன்ன ஊர். அப்படிச் சொல்ல என் வாயும் இருந்தது, 1993ல்.

சுவரே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சுவர் இல்லாவிட்டால் அந்த நூறு வருடமும் இல்லை. பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு ஆபத்து இருந்தது, பொய் இல்லை. ஆனால் ஆபத்து இருக்கிறது என்றால் கூட ஒரு ஆளை ஏற்பாடு செய்ய வேண்டும், கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் கதவைச் சாத்தினேன். அதுவும் அடுத்தவர் வீட்டுக் கதவை.

நேற்று மகளுக்குப் போன் செய்தேன். "பேசினியாம்மா?" என்றாள். "பேசினேன். ஹாஸ்டல்ல சாப்பாடு எப்படி, செலவு எவ்வளவு, படிச்சு முடிச்சா என்ன வேலை, எல்லாத்தையும் அவனையே எழுதி உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கேன். அதப் படிச்சிட்டு நீயும் மாப்பிள்ளையும் முடிவு பண்ணுங்க. போகாதேன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "என்னய மட்டும் ஆறாம் கிளாஸ்லயே பஸ் ஏத்திவிட்ட, நீ எப்படிச் சொல்லுவ?" என்று சிரித்தாள். அவளுக்குக் கதை முழுக்கத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

அந்தப் பிள்ளை, இப்போது பிள்ளை என்று சொல்லக் கூடாது, 45 வயது ஆகியிருக்கும், அவள் முகநூலில் இருக்கிறாளா தெரியாது. அவள் மகள் இருக்கலாம். யார் என்று யாரும் கீழே ஊகித்து எழுத வேண்டாம், தயவுசெய்து. அம்மா, இதை நீ படித்தால், அன்றைக்கு உன் அப்பாவிடம் நான் சொன்னது தப்பு. அனுப்புங்கள் அண்ணே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறேன். மன்னித்துக்கொள்.

என்னிடம் படித்தவர்களில் நிறையப் பேர் இப்போது ஆசிரியர்கள். உங்கள் வாசலுக்கும் யாராவது முருங்கைக்காய்க் கட்டோடு வந்து நிற்பார்கள். பதில் சொல்லும் முன், உங்கள் பிள்ளைக்கு என்ன சொல்வீர்களோ அதை ஒரு நிமிடம் யோசித்துக்கொள்ளுங்கள்.

பேரன் கூப்பிடுகிறான். இன்னும் இரண்டு பாகம் பாக்கி இருக்கிறதாம். கீரைப் பொடி அளவு நாளைக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்