ஐப்பசிக்கு முன் ஒரு பட்டியல்

செப்டம்பர் 8, திங்கள்

ஃப்ளூ ஊசி யார் யாருக்கு வேண்டும் என்று பட்டியல் எடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். 65 தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், சுகர், இருதயம், கிட்னி, ஆஸ்துமாக்காரர்கள். ஊசி பிடிக்க இரண்டு வாரம் ஆகும். எங்கள் கிளினிக்கில் காய்ச்சல் கூட்டம் ஐப்பசி அடைமழையோடு வரும். பிரிட்டனில் குடும்ப டாக்டரின் கம்ப்யூட்டரே பெயர்களைப் பொறுக்கிக் கொடுத்துவிடுமாம். எங்கள் திரேஸ்புரத்தில் அந்தக் கம்ப்யூட்டர் நான்தான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

எக்ஸெல்லில் ‘சுகர்’ என்று தேடினால் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சுகர்காரர்களே அதைவிட அதிகம்! பிறகுதான் உறைத்தது. அவசரத்தில் நாங்கள் நோயை எழுதுவதில்லை, மாத்திரையை எழுதுகிறோம். ‘மெட்ஃபார்மின்’ என்று தேடினேன், பட்டியல் இரண்டு மடங்கானது. அதிலும் ஒரு வில்லங்கம்: கருப்பை நீர்க்கட்டிக்காக அதே மாத்திரையைச் சாப்பிடும் பெண்பிள்ளைகளும் உள்ளே வந்துவிட்டார்கள். ஒவ்வொரு சீட்டாகப் புரட்டி அவர்களைக் கழித்தேன்.

வயதுக் கட்டம் இன்னும் மோசம். 2019இல் 60 என்று பதிந்த ஆச்சி இன்றைக்கும் 60தான். பிறந்த வருஷத்தைக் கேட்டு எழுதியிருந்தால் இந்தப் பாடு இல்லை. எழுதாதது நான்தான்.

கர்ப்பிணிகள் கதை சுலபம். பிக்மி என்கிற கர்ப்பப் பதிவு எண்ணும் பிரசவத் தேதியும் ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருக்கும். ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்கு இந்த ஊசி கிடையாது. தாய்க்குப் போடுவதுதான் அதற்கும் காவல்.

செப்டம்பர் 12, வெள்ளி

நாள் முழுக்க போன். “சுகருக்குத்தான் மாத்திரை திங்கேனே சிஸ்டர், இது எதுக்கு?” என்கிறார் ஒரு ஆச்சி. “போன வருஷமே போட்டாச்சே” என்கிறார் ஒரு அண்ணாச்சி. கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் எந்த வகைக் கிருமி இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

செப்டம்பர் 20, சனி

பட்டியலில் உப்பளத்து ஆட்களையே காணோம். பழைய ஓ.பி. நோட்டில் இருக்கிறார்கள், நாலு வருஷமாக வரவு இல்லை. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபின் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே போகிறது. நல்லதுதான். ஆனால் எங்கள் கணக்கில் அவர்கள் நோய் தீர்ந்தவர்கள்!

மாத்திரை கொண்டுபோகும் அக்காவிடம் கேட்டேன். பெயர்களைத் தர மாட்டேன் என்றார், தரவும் கூடாது. “போற வீட்ல நானே சொல்லுதேன்” என்றார். சொல்லலாம், ஆனால் காசு? நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை. மழை விழுந்தால் உப்பளத்தில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

இன்று சாயங்காலம்வரை அந்தப் பக்கத்திலிருந்து ஊசிக்கு வந்தவர் ஒருவர். விலையைக் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனார்.