வெள்ளை வயிறு

தம்பலகாமத்து மாமாவின் வயல் அரிசிதான் உப்புவெளியில் எங்கள் வீட்டுச் சோறு. போன சிறுபோகம் முடிய மூட்டையோடு அவரும் வந்தார். முகம் சரியில்லை.

"விளைச்சல் குறையேல்ல மகள். மில்காரர் பச்சையாக் குத்திப் பாத்திட்டு, குருணல் கனக்க எண்டு விலையை இறக்கிப்போட்டார்."

ஒரு கைப்பிடியை அள்ளிக் காட்டினார். மணியின் நடுவில் சுண்ணாம்பு தடவினதுபோல வெள்ளை. விதை பிழை என்றார். ஆனால் அதே விதை பெரும்போகத்தில் கண்ணாடி மாதிரி விளைந்ததே?

நான் கலைப்பீடம். இருந்தாலும் தேடி வாசித்தேன். பூத்தபிறகு வரும் இரண்டு மூன்று கிழமைகளில்தான் மணிக்குள் மாச்சத்து நிரம்புகிறது. அப்போது சூடு கூடினால், முக்கியமாக இரவும் குளிராவிட்டால், பயிர் அவசரப்படுகிறது. மாச்சத்து நெருக்கமாக அடையாமல் இடையில் காற்று நிற்கும். அந்த இடம்தான் வெள்ளை வயிறு. தீட்டும்போது அதில்தான் உடைகிறது. பெரும்போக நெல் தை மாதக் குளிரில் முற்றுகிறது. சிறுபோகத்துக்கு வாய்ப்பது ஆடிக் கச்சான்.

எல்லா இனமும் ஒரேமாதிரி வெளுக்காது. பருமன் மணிக்கு இது லேசில் வரும், சிறுமணிச் சம்பாவுக்குக் குறைவு. 2023 கோடையில் ஜப்பானின் நீகாட்டாவில் புகழ்பெற்ற கோஷிஹிகாரி அரிசியில் நூற்றுக்குப் பத்துக்கூட முதல்தரமாகத் தேறவில்லை. வெப்பம் தாங்கவென்று உருவாக்கிய இனங்கள் தப்பின. நம்முடைய பத்தலகொட 'பிஜி' நெல்லின் பெயரில் வயது இருக்கிறது: 300 என்றால் 3 மாதம், 352 என்றால் மூன்றரை. வெயில் தாங்குமா என்பதைச் சொல்ல இலக்கம் இல்லை.

என்னைக் கோபப்படுத்தியது வேறொன்று. புழுக்கினால் மாச்சத்து இளகி ஒட்டிக்கொள்ளும், வெள்ளையும் வெடிப்பும் பெரும்பாலும் மறைந்துவிடும். மலிவாக வாங்கின நெல்லை மில் புழுக்கினால் அதற்கு நட்டமில்லை. நட்டம் மாமாவோடு நின்றுவிடும். வெள்ளம் அள்ளிய வயலை ஏக்கர் கணக்கில் அளக்கலாம், இதை எப்படி அளக்கிறது?

"விதைப்பைப் பதினைஞ்சு நாள் முந்தினா என்ன மாமா?"

"கந்தளாய்த் தண்ணி எப்ப திறக்கிறது எண்டு கூட்டத்திலயெல்லோ முடிவெடுக்கிறது. நான் தனிய முந்தேலுமே?"

அம்மா சுளகில் குருணலை வேறாக்கிக்கொண்டிருந்தார். இரவைக்குக் கஞ்சி.