புத்தக எண்ணின் கடைசி இலக்கம்



புதுப் புத்தகம் எதையாவது கையில் எடுத்துப் பின்னட்டையைப் பாருங்கள். கறுப்புக் கோடுகள் போட்ட ஒரு கட்டம், அதை ஒட்டி 978 என்று தொடங்கும் 13 இலக்க எண் இருக்கும். நம் வயதுக்காரர்களில் பலர் அதைக் கடைக்காரர் விலை பார்ப்பதற்கானது என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அதன் பெயர் ஐஎஸ்பிஎன், சர்வதேசத் தரப் புத்தக எண். அந்த எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தனக்கு முன்னால் நிற்கும் இலக்கங்களை யாராவது தப்பாக எழுதிவிட்டார்களா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. வாழ்நாள் முழுக்க எண்களைப் பார்த்துப் பார்த்து எழுதிய ஒரு குமாஸ்தாவுக்கு இதைவிட நெருக்கமான விஷயம் கிடைக்காது.

வழக்கம்போல் புதுச்சேரிக்குப் போய்விடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்த கையோடு 'ப்ரெவ் பார் நெஃப்' என்ற ஒன்றையும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்பதால் சோதிப்பது என்று பொருள். 347-ஐ 26-ஆல் பெருக்கினால் 9022. இது சரியா? 347-இன் இலக்கங்களைக் கூட்டினால் 14, மறுபடி கூட்டினால் 5. 26-க்கு 8. ஐந்தெட்டு நாற்பது, அதன் கூட்டல் 4. விடையின் இலக்கங்கள் 9, 0, 2, 2. கூட்டினால் 13, அதாவது 4. இரண்டும் ஒன்றாக வந்தால் தப்பித்தோம். ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. 9022 என்பதை 9202 என்று இடம் மாற்றி எழுதினாலும் கூட்டல் 13தான். சோதனை பேசாமல் விட்டுவிடும்.

எண்ணை நகல் எடுக்கும் கை அதிகமாகச் செய்யும் தவறுகள் இரண்டு. ஓர் இலக்கத்தை வேறாக எழுதுவது ஒன்று, பக்கத்துப் பக்கத்து இரண்டை இடம் மாற்றுவது மற்றொன்று. நான் வேலை பார்த்த காலத்தில் ஓர் அலுவலகத்தில் ஒரு மானாவாரி விவசாயியின் நகலில் சர்வே எண் 146 என்பது 164 ஆகிவிட்டது. எழுதியவர் யாரோ. ஆனால் அதைத் திருத்தி வாங்க அந்த மனிதர் இரண்டு கோடை முழுக்க நடந்தார். சர்வே எண்ணுக்குக் கடைசியில் காவலாளி இல்லை. 164 என்பதும் ஒரு நிலம்தான், அதற்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. பார்க்கிறவருக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

புத்தகக்காரர்கள் இதை 1960-களிலேயே யோசித்துவிட்டார்கள். இங்கிலாந்தின் டபிள்யூ. ஹெச். ஸ்மித் என்ற பெரிய புத்தக வியாபார நிறுவனம் தன் கிடங்கைக் கணினிக்கு மாற்ற நினைத்தது. அதற்காகக் கார்டன் ஃபாஸ்டர் என்ற புள்ளியியலாளர் 9 இலக்கத்தில் ஓர் எண் முறையை அமைத்துக்கொடுத்தார். அதன் முன்னால் ஓர் இலக்கம் சேர்ந்து 10 இலக்கமாகி, 1970-இல் அது உலகத் தரமாக ஏற்கப்பட்டது. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் 9 இலக்க எண் இருந்தால் பதற வேண்டாம். முன்னால் ஒரு பூஜ்யம் போட்டால் 10 இலக்க எண் கிடைத்துவிடும்.

கணக்கு எப்படி என்று நம் பக்கத்து உதாரணத்தோடு பார்ப்போம். ரமண மகரிஷி பிறந்தது நம் திருச்சுழியில்தான், 1879-இல். திருவண்ணாமலை ரமணாசிரமம் வெளியிட்ட 'டாக்ஸ் வித் ஸ்ரீ ரமண மகரிஷி' நூலின் பழைய எண் 81-88018-07-4. இதில் 81 இந்தியாவைக் குறிக்கும். 88018 ஆசிரமத்துக்கு ஒதுக்கிய பதிப்பக எண். 07 அந்தப் புத்தகம். கடைசி 4 காவலாளி. முதல் இலக்கத்தைப் பத்தால் பெருக்குங்கள், அடுத்ததை ஒன்பதால், அதற்கடுத்ததை எட்டால், இப்படியே இறங்கி வந்து கடைசி இலக்கத்தை ஒன்றால். 80, 9, 64, 56, 0, 5, 32, 0, 14, 4. கூட்டினால் 264. அதை 11-ஆல் வகுத்தால் 24, மீதி இல்லை. எண் சரி.

இப்போது நடுவில் உள்ள 18-ஐ 81 என்று மாற்றி எழுதிப் பாருங்கள். கூட்டுத்தொகை 271 ஆகும், 11-ஆல் வகுத்தால் 7 மீதி. பிடிபட்டது. 11 பகா எண், அதுவும் பத்தைவிடப் பெரியது. அதனால் ஓர் இலக்கம் மாறினாலும், இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் இந்த முறை தவறாமல் பிடித்துவிடும். எங்கள் ஒன்பதால் முடியாததைப் பதினொன்று செய்தது. அதற்கு ஒரு கூலியும் கேட்டது. காவலாளி இலக்கம் சில சமயம் பத்தாக இருக்க வேண்டும். பத்தை ஒரே இடத்தில் எழுத முடியாதே! அதற்கு ரோமன் பத்தைப் போட்டார்கள். பழைய புத்தகங்களில் எண்ணின் கடைசியில் எக்ஸ் என்ற எழுத்து இருப்பது அதனால்தான். அச்சுப்பிழை என்று அடித்துவிடாதீர்கள்.

2007 ஜனவரி 1 முதல் எண் 13 இலக்கமானது. கடையில் விற்கும் எல்லாப் பொருளுக்கும் உள்ள பார்கோடோடு இதைச் சேர்த்துவிட்டார்கள். மளிகைப் பொட்டலங்களில் 890 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள், அது இந்தியாவுக்கு உரியது. புத்தகங்களுக்கு என்று 'புக்லேண்ட்' என ஒரு கற்பனை நாட்டை வைத்து 978 கொடுத்தார்கள். பிறகு 979-ம் சேர்ந்தது.

பலர் இடறுவது இங்கேதான். பழைய எண்ணுக்கு முன்னால் 978 ஒட்டிவிட்டால் புது எண் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. கடைசி இலக்கத்தைக் கழற்றிவிட்டு வேறு கணக்கில் புதிதாகப் போட வேண்டும். 978-81-88018-07 வரை உள்ள 12 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் 141. அடுத்த பத்தின் மடங்கு 150. குறைவது 9. ஆகவே புது எண் 978-81-88018-07-9. நான்கு போய் ஒன்பது வந்துவிட்டது. 978 எண்ணை இதே வழியில் திருப்பி 10 இலக்கமாக்கலாம். 979 எண்ணுக்குப் பழைய வடிவமே கிடையாது. பிரான்சிலிருந்து வரும் சில புத்தகங்களில் 979-10 என்று பார்க்கிறேன். அவற்றை 10 இலக்கத்துக்கு மாற்றச் சொன்னால் மென்பொருள் முடியாது என்று சொல்லத்தான் வேண்டும்.

புது முறையில் எக்ஸ் தொல்லை இல்லை, ஆனால் காவல் கொஞ்சம் தளர்ந்தது. பக்கத்தில் இருக்கும் 1-ம் 6-ம் இடம் மாறினால் இதற்குத் தெரியாது. 1-ஐ ஒன்றாலும் 6-ஐ மூன்றாலும் பெருக்கினால் மொத்தம் 19. மாற்றிப் போட்டால் 9. இரண்டும் ஒன்பதில்தான் முடிகின்றன. 2-ம் 7-ம், 3-ம் 8-ம் அப்படியே. வித்தியாசம் ஐந்தாக இருக்கும் ஜோடி எல்லாம் தப்பிவிடும்.

இதெல்லாம் எனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே, கருவேலங்காட்டுக்கு நடுவில் ஓர் ஊர். அங்கே இளைஞர்கள் சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்துகிறார்கள். மில் ஓய்வூதியர்கள், வாத்தியார்கள் என்று பலர் கொடுத்த புத்தகங்கள் சேர்ந்துவிட்டன. கணினியில் பட்டியல் போட ஏதோ ஒரு மென்பொருளை இறக்கிக்கொண்டார்கள். அதில் ஐஎஸ்பிஎன் கட்டாயம். கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் போகாது. நம் காலத்துத் தமிழ்ப் புத்தகங்களில் ஐஎஸ்பிஎன் எங்கே இருந்தது? சிறு அச்சகத்தில் அடித்த கோயில் வரலாறு, கரிசல்காட்டு விவசாயக் கையேடு, நெசவாளர் சங்க மலர் எதற்கும் எண் கிடையாது.

பட்டியல் போட்ட பையன் கெட்டிக்காரன். பத்து ஒன்றுகளை அடித்துப் பார்த்தான். மென்பொருள் 'சரியான எண்' என்று ஏற்றுக்கொண்டது! நீங்களே கணக்குப் போடுங்கள். பத்திலிருந்து ஒன்று வரை கூட்டினால் 55, அது 11-இன் மடங்கு. ஆகவே பத்து ஒன்றும் சரி, பத்து இரண்டும் சரி, பத்து பூஜ்யமும் சரி. ஒரே இலக்கத்தைப் பத்து முறை எழுதினால் காவலாளி சலாம் போட்டு உள்ளே விட்டுவிடுவான். ஆனால் அடுத்த புத்தகத்துக்கும் அதையே போட்டபோது 'இந்தப் புத்தகம் ஏற்கெனவே உள்ளது' என்று மறுத்துவிட்டது. பத்துப் புத்தகத்தோடு வித்தை தீர்ந்தது. பட்டியலில் ஏறாதவை சாக்கில் ஏறின. இடம் அடைக்கிறது, எடைக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு வந்த சமயத்தில்தான் நான் அங்கே போனேன். சாக்கைப் பிரித்துப் பார்த்தால், அந்த ஊரைப் பற்றியே எழுதிய ஒரு சிறு புத்தகம் உள்ளே இருந்தது. அதை எழுதியவர் இப்போது இல்லை. இன்னொரு பிரதி யாரிடம் இருக்கும்?

என் பேத்தி கணினி வேலை பார்க்கிறாள். விடுமுறைக்கு வந்தவளிடம் சொன்னேன். "தாத்தா, எண்ணை எண்ணா வைக்கக் கூடாது, எழுத்தா வைக்கணும்" என்று ஆரம்பித்தாள். எக்செலில் 13 இலக்கத்தை அப்படியே அடித்தால் அது 9.78819 என்று சுருக்கி ஏதோ அடுக்கு எழுதிக் காட்டும். முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். எக்ஸைக் கண்டால் குழம்பும். அதனால் முதலில் அந்தக் கட்டத்தை எழுத்து வகையாக மாற்றினாள். பிறகு பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதினாள். சிறு கோடுகளையும் இடைவெளிகளையும் நீக்கும். இலக்கம் 10-ஆ 13-ஆ என்று பார்க்கும். 13 என்றால் 978 அல்லது 979-இல் தொடங்குகிறதா என்றும் பார்க்கும், இல்லாவிட்டால் மசாலாப் பொட்டலத்தின் எண்கூடப் புத்தகமாகிவிடும். காவலாளியைச் சோதிக்கும். 10 இலக்கத்தை 13 ஆக்கி, எல்லாவற்றையும் ஒரே வடிவில் வைத்து ஒப்பிடும். பழைய வடிவில் ஒரு தடவையும் புது வடிவில் ஒரு தடவையும் ஏறியிருந்த ஒரே புத்தகங்கள் அப்போதுதான் அகப்பட்டன.

எண் இல்லாத புத்தகத்துக்கு என்ன செய்வது என்று கேட்டாள். காலியாக விடு என்றேன். ஐஎஸ்பிஎன் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டு, படிப்பகத்தின் சொந்த வரிசை எண்ணைக் கட்டாயமாக்கினோம். நூலகங்களில் சேர்க்கைப் பதிவேடு என்று காலங்காலமாக இருப்பது இதுதான்.

சில புத்தகங்களில் அச்சிலேயே எண் தப்பாக இருந்தது. கணக்குப் போட்டால் சேரவில்லை. கடைசி இலக்கத்தை நாமே மாற்றிவிட்டால் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும் என்றாள் பேத்தி. வேண்டாம்த்தா என்றேன். எந்த இலக்கம் தப்பு என்று நமக்கு எப்படித் தெரியும்? கடைசியை மாற்றினால் கணக்கு சேரும், ஆனால் அது வேறொரு புத்தகத்தின் எண்ணாகிவிடலாம். காகிதத்தில் இருப்பதை அப்படியே எழுது, பொருந்தவில்லை என்று பக்கத்தில் குறி. கோப்பு எழுதுகிறவர்களுக்கு இது பாலபாடம். பெரிய நூலகங்கள் கையாளும் மார்க் பதிவு முறையிலும், 020-ஆம் புலத்தில் பிழையான எண்ணை எழுதி வைப்பதற்கென்றே தனி இடம் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் கவனித்தோம். பிரெஞ்சுப் புத்தகம் பாரீசில் வந்தாலும், ஜெனீவாவில் வந்தாலும், மாண்ட்ரியலில் வந்தாலும் 978-க்கு அடுத்து 2 என்றுதான் பெரும்பாலும் தொடங்கும். அது மொழிக்குக் கொடுத்த எண். தமிழுக்கு அப்படி இல்லை. சென்னையில் வந்தால் 81 அல்லது 93, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் 955 அல்லது 624, சிங்கப்பூரில் 981. பிரான்சில் இருக்கும் ஒரு பதிப்பகம் தமிழில் போட்டால் அதற்கு பிரான்சின் எண்தான். ஆகவே எண்ணைப் பார்த்து மொழியை ஊகிக்கும்படி நிரலை எழுதக் கூடாது. மொழி என்ற கட்டத்தை ஆள்தான் நிரப்ப வேண்டும்.

சாக்குகள் இப்போது காலி. எல்லாம் அலமாரியில் இருக்கின்றன.

உங்கள் ஊரிலும் இப்படி யாராவது பட்டியல் போட்டுக்கொண்டிருந்தால், எண் இல்லாத புத்தகங்களை என்ன செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். புத்தகம் போடும் நண்பர்களுக்கும் ஒரு செய்தி. நம் நாட்டில் ஐஎஸ்பிஎன் வாங்கக் கட்டணம் இல்லை. கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கொடுக்கிறது. குடும்ப வரலாறோ கோயில் வரலாறோ, சொந்தமாக அச்சடிக்கிறவர்களும் விண்ணப்பிக்கலாம். வாங்கிய எண்ணை அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு தடவை பத்து விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 இலக்கத்துக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது.