ஓடாத வண்டியின் மின்கலம்

லாரி வைத்திருக்காதவர் வீட்டிலும் லாரிப் பேச்சு நடக்கும் மண் எங்களுடையது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போடுவதற்காக இந்தியாவின் பல மூலைகளுக்கும் போய்வருகின்றன. சேலத்திலிருந்து திருச்செங்கோடு செல்லும் சாலையில் இருக்கும் ஆட்டையாம்பட்டியை வெளியூர்க்காரர்கள் கைமுறுக்கால் அறிவார்கள்; உள்ளூரில் எங்களுக்கு விசைத்தறிச் சத்தம்தான் ஊரின் அடையாளம். ஆனாலும் ‘செல்ஃப் எடுக்கலீங்க’ என்றால் என்ன பொருள் என்று இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

பேட்டரிக்குத் தமிழில் மின்கலம் என்கிறோம். கலம் என்பதற்குப் பாத்திரம், கப்பல், அணிகலன் என்று பழந்தமிழில் பல பொருள்கள் உண்டு. இங்கே பாத்திரமே பொருத்தம். உள்ளே அமிலம் நிற்கிறது அல்லவா? ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின், மின்னூட்டம் சேர்த்துவைக்கும் கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக இணைத்தபோது, பீரங்கி வரிசையைக் குறிக்கும் சொல்லை அதற்கு இட்டார். ஒரு மொழி பாத்திரத்தைப் பார்த்தது, இன்னொன்று பீரங்கியை. பேச்சுவழக்கில் நாம் இரண்டையும் விட்டுவிட்டு அதற்கு உயிரைக் கொடுத்துவிட்டோம். பேட்டரி ‘வீக்’ ஆகிறது, ‘படுத்துக்கொள்கிறது’, கடைசியில் ‘செத்துப்போகிறது’. இந்தக் கடைசிச் சொல்லை எவ்வளவு அவசரமாகச் சொல்லிவிடுகிறோம் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

என் சித்தப்பாவிடம் ஒரு ஸான் ஸ்டார்ம் இருந்தது. இந்தப் பெயரை நண்பர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1990களின் பிற்பகுதியில் ஸான் மோட்டார்ஸ் கொண்டுவந்த, இருவர் மட்டுமே அமரக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார் அது. கண்ணாடியிழை உடல், ரெனோ நிறுவனத்தின் 1.2 லிட்டர் என்ஜின். உலகத்து ஸ்போர்ட்ஸ் கார்களின் வரிசையில் வைத்தால் வேகம் குறைவுதான். ஆனால் தறிக்கு நூல் எடுத்து, பாவு ஓட்டி, ஐம்பது வயதுவரை டிவிஎஸ் ஐம்பதில் போன ஒருவர், பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் அதை வாங்கி ஊருக்குள் ஓட்டிவந்தபோது, வேகத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பின்னிருக்கை இல்லாத காரைக் குடும்பஸ்தன் எதற்கு வாங்கினான் என்றுதான் கேட்டார்கள். சித்தியும் அவரும் போக இரண்டு இருக்கை போதும் என்றார். பிள்ளை இல்லாத அவர்களைப் பற்றி ஊர் பேசிய பேச்சுக்கெல்லாம் அந்த ஒரு வாக்கியம் பதிலாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அவர் போய் மூன்று ஆண்டுகளாகின்றன. தறி ஓட்டம் நின்றுபோன கொட்டகையில் கார் நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் சித்தி கொட்டகைக் கதவுகளை அகலத் திறந்து, இடப்பக்க இருக்கையில் முதலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு வலப்பக்கம் வந்து சாவியைத் திருகி, என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார். வண்டியை உயிரோடு வைத்திருக்க அதுதான் வழி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கார் ஓட்டத் தெரியாத ஒருவர் கணவரின் காருக்குச் செய்த வாரச் சடங்கு அது.

ஆனால் இந்த மூன்றாண்டில் இரண்டு பேட்டரிகள் போய்விட்டன. ஒவ்வொரு முறையும் கடைக்காரர் வந்தார், பழையதைக் கழற்றினார், புதியதை வைத்தார், பணத்தை வாங்கிக்கொண்டு போனார். மூன்றாவது முறை வண்டி எழாதபோது பழைய வண்டி வாங்கும் தரகர் ஒருவர் வந்து, ‘வயரிங் மொத்தமாப் போச்சுங்க, எடைக்குத்தான் ஆகும்’ என்றார். அதே நேரத்தில் பதிவைப் புதுப்பிக்கும் கெடுவும் நெருங்கியது. பதினைந்து ஆண்டைக் கடந்த காரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோய்த்தான் புதுப்பிக்க முடியும். ஓடாத வண்டியை யாரும் சோதிப்பதில்லை. ‘என்ன பண்ணலாம் கண்ணு?’ என்று சித்தி என்னைக் கேட்டபோது, விற்கலாமா என்று கேட்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் ஓர் அண்ணனை அழைத்துவந்தேன். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டை இணைத்து இருபத்துநான்கு வோல்ட்டில் இயங்கும் கனரக வண்டிகளோடு பழகியவர். இந்தச் சின்ன வண்டியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மல்டிமீட்டரை வைத்தார்: 9.4. ‘செத்துப்போச்சா?’ என்றார் சித்தி. ‘இன்னும் தெரியாதுங்கம்மா. பசியா, சாவான்னு சோறு போட்டுப் பார்த்தாத்தானே தெரியும்’ என்றார் அவர்.

அந்தப் பதிலை நான் வகுப்பறையில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஈய அமில மின்கலத்தின் ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். ஆறு அறை சேர்ந்தால் 12.6. மின்சாரம் தீரத் தீர இரண்டு வகைத் தகடுகளின்மேலும் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். நாட்கணக்கில் வெறுமையாக விட்டால் படிகமாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் திரும்பாது. 1859இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அடிப்படை வேதியியல் மாறவில்லை. அதாவது தீர்ந்துபோவது வேறு, செத்துப்போவது வேறு. முதலாவது நீடித்தால்தான் இரண்டாவது.

இரவு முழுதும் குறைந்த ஆம்பியரில் சார்ஜ் ஏற்றி, காலையில் சில மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தபோது 12.3 காட்டியது. எங்களுக்கு நம்பிக்கை வந்தது. சாவியைத் திருகியதும் எட்டுக்குக் கீழே விழுந்தது. அந்தச் சுமையில் 9.6க்குக் குறையாமல் நின்றால்தான் பேட்டரி நல்லது. அப்போதும் அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. இரும்பு உடல் கொண்ட கார்களில் உடலே எர்த் ஆக இருப்பதுபோல் இங்கே இருக்க முடியாது, எல்லாவற்றுக்கும் தனி எர்த் வயர் வேண்டும். அது துருப்பிடித்தாலும் வண்டி இதேபோல்தான் முனகும். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜினுக்கும் இடையே அளந்தார். இழப்பு ஏதுமில்லை. பிறகுதான் சொன்னார்: ‘இப்போ சொல்லலாம். இது முடிஞ்சுது.’

புதிய பேட்டரி வாங்கினோம். அதே 35 ஆம்பியர்-மணி, அதே அளவு, பாசிட்டிவ் முனை அதே பக்கம். பழையதைக் கடையிலேயே கொடுத்தோம். வாசலில் வரும் இரும்புக்கடைக்காரர் சற்றுக் கூடுதலாகத் தருவார்தான். ஆனால் ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்கும் இடங்களுக்கு அது போய்விடக் கூடும். பழைய பேட்டரியை விற்பவரே திரும்பப் பெற வேண்டும் என்று 2001இன் விதிகள் சொன்னதும், 2022இன் விதிகள் அப்பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்ததும் இதற்காகத்தான். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். ஸ்பேனர் தவறுதலாக இரும்பில் பட்டாலும் பொறி பறக்காமல் இருக்க இந்த வரிசை. முனைகளைத் தேய்த்துச் சுத்தம்செய்து வாசலின் தடவினார்.

இதோடு கிளம்பியிருந்தால் அவர் முந்தைய கடைக்காரரைப்போல இன்னொருவராக இருந்திருப்பார். சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை இணைத்தார். உறங்கும் வண்டி ஐம்பது மில்லி ஆம்பியருக்குமேல் குடிக்கக் கூடாது. இது தொண்ணூறு குடித்தது. ஒரு நாளைக்கு இரண்டு ஆம்பியர்-மணிக்குமேல்; வாரத்துக்குப் பதினைந்து. பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினார். ஒன்றை உருவியதும் எண் சரிந்தது. சித்தப்பா தன் ஆசைக்குத் தனியாகப் போட்டுக்கொண்ட பாட்டுப் பெட்டியின் ஆம்ப்ளிஃபயர். சாவியைக் கேட்காமல் பேட்டரியிலிருந்து நேராக இணைக்கப்பட்டிருந்தது. அவர் நாள்தோறும் ஓட்டியவரை அது பொருட்டாகவே இல்லை. அவர் போன பிறகு மூன்றாண்டாக அது மட்டும் இரவும் பகலும் விழித்திருந்திருக்கிறது.

சித்தி கேட்டார்: ‘நான் வாராவாரம் ஸ்டார்ட் பண்ணினனே சாமி?’

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: ‘அஞ்சு நிமிசத்துல டைனமோ திருப்பிக் குடுக்கறது ரொம்பக் கொஞ்சங்கம்மா. நின்ன இடத்துல ஸ்டார்ட் பண்றது வண்டிக்குப் பத்தாதுங்க. ஓடணும். அரை மணி நேரமாச்சும் ரோட்டுல ஓடணும்.’

சித்தி நெடுநேரம் பேசவில்லை. ஒரு பொருளை அசையாமல் காப்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை என்று நம்மில் பலர் நம்புகிறோம். ஓலைச்சுவடிகளைப் பெட்டியில் பூட்டிப் பூசை செய்த வீடுகளில் அவை செல்லரித்ததையும், ஏடு பெயர்த்து எழுதிக்கொண்டே இருந்த இடங்களில் நூல்கள் பிழைத்ததையும் தமிழ் படித்தவர்கள் அறிவோம். சித்தியிடம் அதைச் சொல்லவில்லை. அவருக்கு உவமை தேவைப்படவில்லை.

‘பாட்டுப் பெட்டியக் கழட்டோணுமா?’ என்று மட்டும் கேட்டார். வேண்டாம், சாவி போட்டால் மட்டும் விழிக்கும்படி வயரை மாற்றிவிடலாம் என்றார் அண்ணன். மாற்றினார். மீட்டர் இருபதுக்கு இறங்கியது. என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.1, டைனமோவும் நலம்.

பதிவு புதுப்பித்தாயிற்று. இப்போது வெள்ளிக்கிழமை கல்லூரி விட்டு வந்ததும் நான் ஓட்ட, சித்தி இடப்பக்கம் உட்கார்ந்து வருகிறார். மல்லசமுத்திரம் தாண்டித் திருச்செங்கோட்டு மலை தெரியும்வரை போய்த் திரும்புகிறோம். முதல் நாள் பாட்டுப் போடட்டுமா என்று கேட்டேன். ‘அதெல்லாம் அப்புறம்’ என்றவர், கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்: ‘ஓரமாப் போ கண்ணு, ரிக் வண்டிக்காரன் வாரான்.’