பத்துக் கட்டு விறகு

“இளவரசி இன்னும் கிடைக்கலையாப்பா?” என்று மகள் கேட்டபோது நான் விறகு வெட்டிக்கொண்டிருந்தேன்.

நிண்டெண்டோ 2017-இல் வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ விளையாட்டின் கதை எளிமையானது. கேனன் என்ற பேரழிவைச் செல்டா இளவரசி நூறு வருஷமாகக் கோட்டைக்குள் ஒற்றை ஆளாக அடக்கி வைத்திருக்கிறாள். லிங்க் போய் மீட்க வேண்டும். அந்த லிங்க் நான்தான். ஆரம்ப மேட்டுநிலத்தைவிட்டு இறங்கியதும் நேராகக் கோட்டைக்கே போகலாம், யாரும் மறிக்க மாட்டார்கள். மொத்த ஆட்டத்தையும் அரை மணி நேரத்துக்குள் முடித்துக்காட்டும் சூரர்கள் இருக்கிறார்கள். எனக்கு 140 மணி நேரம் ஆயிற்று.

தடம் மாறியது ஹட்டேனோ கிராமத்தில். மெயின் குவெஸ்ட், அதாவது முக்கியக் கதை வேலைதான் என்னை அங்கே அனுப்பியது, மேட்டின் மேலிருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு. ஊர் ஓரத்தில் யாரோ ஒரு பழைய வீட்டை இடிக்க நின்றார்கள். சும்மா எட்டிப் பார்த்தேன். மேஸ்திரி போல்சன் வீட்டுக்கு 50,000 ரூபி விலை சொன்னார். பிறகு 3,000 ரூபியும் 30 கட்டு விறகும் போதும் என்று இறங்கி வந்தார். என் பையில் 200 கூட இல்லை. உலகம் அழியக் காத்திருக்கிறது, நான் வீட்டுக்கு முன்பணம் தேடி அலைகிறேன். பணத்துக்காக ஹெப்ரா பனிமலைக்குப் போனால், அங்கே ஒருவர் 20 ரூபி வாங்கிக்கொண்டு பனி உருண்டையை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கச் சொல்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில் போயிற்று. கிளைக்குள் ஒரு கிளை.

வீடு வாங்கிய பிறகு, போல்சனிடம் வேலை பார்த்த ஹட்சன் அக்காலா பக்கம் கிளம்பிவிட்டான். ஏரி நடுவே ஒரு பாறைத்திட்டில் புது ஊர் கட்டப்போகிறானாம். தேடிப் போனேன். ஆளை விசாரிப்பதற்குள் பத்துக் கட்டு விறகு கேட்டான். கொடுத்தால் அடுத்து 20, பிறகு 30, பிறகு 50.

விறகு வெட்டுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. கோடரியால் வெட்டினால் மரம் சாய்ந்து கட்டையாகும். கட்டையை இன்னொரு முறை வெட்டினால்தான் விறகுக் கட்டாகும். அதற்குள் கோடரி தேய்ந்து, ஒரு வீச்சில் உடைந்து தெறித்துவிடும். மூன்று கோடரி போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. லிங்க்கிடம் இருக்கும் வெடிகுண்டு தீரவே தீராது. உருண்டைக் குண்டு சரிவில் உருண்டோடிவிடும், சதுரக் குண்டு வைத்த இடத்தில் நிற்கும். அதை மரத்தடியில் வைத்து வெடிக்கவைத்தால் வேலை முடிந்தது. ஏரிக்கரையில் மட்டும் செய்யக் கூடாது. சாய்ந்த கட்டை தண்ணீருக்குள் உருண்டுவிடும். எட்டுக் கட்டு விறகை அப்படி இழந்திருக்கிறேன்.

வெறும் விறகோடு நின்றிருந்தால் அந்த வேலையை நானும் பாதியில் விட்டிருப்பேன். ஹட்சனுக்கு ஆட்களும் வேண்டும். போல்சன் கம்பெனி விதிப்படி பெயர் ‘சன்’ என்று முடியாதவருக்கு அங்கே இடமில்லை. எரிமலைப் பக்கம் கோரான் இனத்தாரில் ஒரு கிரேசன், பறவை முகமுள்ள ரீட்டோக்களில் ஒரு ஃபைசன், கெருடோக்களில் ரோண்ட்சன் என்ற தையற்காரி. கதை வேலையாக முன்பே கடந்துபோன ஊர்கள்தாம் அவை. அப்போது யார் பெயரையும் நான் கேட்கவில்லை. இப்போது மலை தகிக்கிற சூட்டில் சுரங்கக்காரனிடம் நின்று பெயர் விசாரிக்கிறேன். கடைசியில் ஹட்சனுக்கும் ரோண்ட்சனுக்கும் கல்யாணம். நடத்திவைக்கப் புரோகிதர் வேண்டுமே? சோரா ஊர்ச் சத்திரத்தில் தங்கியிருந்த கிழவர் காப்சனைக் கூட்டிவந்தேன்.

இப்படி நம்மைப் பராக்குப் பார்க்க வைப்பது தற்செயல் இல்லை. ஜப்பானில் 2017-இல் நடந்த செடெக் என்ற விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களே தொழில் ரகசியத்தைச் சொன்னார்கள். நிலத்தை முக்கோணம் முக்கோணமாக அமைத்திருக்கிறார்கள். எதிரே ஒரு மேடு வந்தால் ஏறுவதா, சுற்றிப்போவதா என்று நாம் யோசிக்க வேண்டும். எப்படிப் போனாலும் மேட்டுக்குப் பின்னால் மறைந்திருந்த ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகாட்டும்.

இப்படிக் கிளைவழியில் வரும் எல்லாச் சைட் குவெஸ்ட்டும் தேறாது. இதை இத்தனை பிடி கொண்டுவா என்று எண்ணிக்கை மட்டும் கேட்பவர்களை நான் திரும்பிப் பார்ப்பதில்லை. (விறகு? அதற்குப் பின்னால் ஒரு ஊர் இருந்ததே.) கல்லைத் தூக்கினால் கீழிருந்து குதித்து வரும் கோரோக் குட்டிகள் 900 பேர் ஒளிந்திருக்கிறார்கள். அத்தனை பேரையும் கண்டுபிடித்தால் கிடைக்கும் பரிசு, சாணி உருவத்தில் ஒரு தங்கக்கட்டி. நிண்டெண்டோ நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. 214-உடன் நான் நிறுத்திக்கொண்டேன்.

இங்கே கடிகாரம் ஓடுவதில்லை, அதனால்தான் இந்தச் சொகுசெல்லாம். 2000-இல் வந்த ‘மஜோராஸ் மாஸ்க்’ ஆட்டத்தில் மூன்றே நாளில் நிலா பூமியில் விழும். அங்கே ஆஞ்சு, காஃபேய் என்ற காதலரைச் சேர்த்துவைக்க அந்த மூன்று நாளையும் செலவழிக்க வேண்டும். நிலா விழச் சற்று நேரமே இருக்கும்போது காஃபேய் வந்து சேர்வான். இருவரும் கைகோத்து நிற்பார்கள். அடுத்து நான் காலத்தைத் திருப்பும் பாட்டை வாசித்தாக வேண்டும். முதல் நாள் காலை பிறக்கும், ஆஞ்சு பழையபடி அவனைத் தேடிக்கொண்டிருப்பாள். அவர்கள் கொடுத்த முகமூடி மட்டும் என் பையில் இருக்கும்.

ஒருவழியாகக் கேனனையும் வீழ்த்தினேன். இறுதிக் காட்சி ஓடியது, செல்டா புன்னகைத்தாள். சேவ் கோப்பை மறுபடி திறந்தால் சண்டைக்கு முந்தைய இடத்திலேயே நிற்கிறேன். கோப்பின்மேல் ஒரு நட்சத்திரம் மட்டும் கூடியிருக்கிறது. இளவரசியை மீட்ட நாட்டில் ஒரு அடிகூட நடக்க இந்த ஆட்டம் விடாது. ஹட்சன் கட்டிய அந்தப் புது ஊரான டேரி டவுனுக்குப் போனேன். கடைகள் திறந்திருந்தன. ஹட்சனும் ரோண்ட்சனும் அங்கேயே இருந்தார்கள்.

“அப்ப இளவரசி மறுபடியும் உள்ளேதான் இருக்காளா?”

“ஆமா. வேணும்னா நீ போய்க் காப்பாத்து” என்று கன்ட்ரோலரை மகளிடம் கொடுத்தேன். கோட்டை எந்தத் திசை என்று கேட்டாள், காட்டினேன். நாலடி நடந்திருப்பாள். வழியோரம் தனியாகக் கிடந்த ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தாள்.